ரிஃபைனரியில் மிக ஆபத்தான யூனிட் எது?

கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு ரிஃபைனரியில் (கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை) ப்ராசஸ் இன்ஜினியராகச் சேரப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரிஃபைனரியில் மிக ஆபத்தான யூனிட் எது? எல்லா அளவும் கன்ட்ரோல் ரூம் திரையில் தெரிகிறது, இன்டர்லாக் (எல்லை மீறினால் தானாக நிறுத்தும் அமைப்பு) இருக்கிறது, அப்படியிருந்தும் பெரிய விபத்துகள் ஏன் நடக்கின்றன? நான் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?"

யூனிட் பெயர் கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். உயர் அழுத்த ஹைட்ரஜனில் கனமான எண்ணெயை உடைக்கும் ஹைட்ரோகிராக்கர், ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வைத்திருக்கும் ஆல்கைலேஷன், எல்பிஜி தொட்டிகள். ஆனால் பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது நேரம்தான். ஸ்டார்ட்-அப், ஷட்டவுன், மின்தடை, பழுதுபார்க்கப் பாதியில் நிறுத்தி வைத்த நிலை, குரூடு (கச்சா எண்ணெய்) மாற்றிய மறுநாள். யூனிட் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும்போது திரையில் தெரிவதற்கும் உள்ளே இருப்பதற்கும் இடையே தொடர்பு அறுந்துபோகலாம். டவருக்குள்ளும் டியூபுக்குள்ளும் எட்டிப் பார்க்க முடியாது. அங்கே என்ன இருக்கிறது என்பதை இரண்டு மூன்று வழிகளில் சரிபார்த்துத் தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைத் திறன் என்பது என் கருத்து. உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் ரிஃபைனரியில் நடந்ததை முதலில் பாருங்கள். ஐசோமரைசேஷன் யூனிட்டின் ராஃபினேட் ஸ்ப்ளிட்டர் என்ற, எண்ணெயைப் பிரிக்கும் டவரை ஸ்டார்ட்-அப் செய்துகொண்டிருந்தார்கள். டவரின் உயரம் 170 அடி. மூன்று மணி நேரத்துக்கும் மேலாக உள்ளே ஃபீடு, அதாவது யூனிட்டுக்குள் அனுப்பும் எண்ணெய், போய்க்கொண்டே இருந்தது, அடியிலிருந்து எதுவும் வெளியே எடுக்கப்படவில்லை. திரவ மட்டம் 150 அடியைத் தாண்டியிருந்த நேரத்தில் திரை காட்டியது 10 அடிக்கும் குறைவு. அதுவும் மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. தனியாக இருந்த இரண்டாவது உயர்மட்ட அலாரம் அடிக்கவேயில்லை.

மட்டம் ஏறும்போது அளவு எப்படி இறங்கும்? அங்கே இருந்தது டிஸ்பிளேசர் வகை லெவல் டிரான்ஸ்மிட்டர். திரவத்தில் பாதி மூழ்கித் தொங்கும் உருளையின் எடை எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து அது மட்டத்தைச் சொல்கிறது. உருளை முழுதாக மூழ்கிவிட்டால் அதற்கு மேல் எத்தனை அடி திரவம் நின்றாலும் அதற்குத் தெரியாது. அப்போது அது அளப்பது திரவத்தின் அடர்த்தியை மட்டுமே. டவர் சூடேற அடர்த்தி குறைகிறது, அடர்த்தி குறைய மிதப்பு விசை குறைகிறது, திரையில் மட்டம் இறங்குவதாகத் தெரிகிறது. கருவி கெட்டுப்போகாமலே தவறான செய்தி சொல்லும் இடம் இது. கடைசியில் அடித் திரவத்தை வெளியே விடத் தொடங்கியதும், அதன் சூடு எக்ஸ்சேஞ்சர் (ஒரு திரவத்தின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) வழியாக உள்ளே வரும் ஃபீடுக்கு ஏறியது. டவருக்குள் ஆவி பெருகி, திரவத்தை உச்சிக் குழாய்க்குத் தள்ளியது. அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வுகள் திறந்தன. அவை போய்ச் சேர்ந்த புளோடவுன் டிரம் (வெளியேறுவதைப் பிடிக்கும் தொட்டி) ஃபிளேரோடு (மிஞ்சிய வாயுவை எரித்துவிடும் கோபுரம்) இணைக்கப்படாதது, நேரே வானத்தைப் பார்த்துத் திறந்த புகைபோக்கி கொண்டது. அதன் வழியே எரியும் தன்மையுள்ள திரவம் பீறிட்டுத் தரையில் பரவி, அதன் ஆவி தீப்பற்றி வெடித்தது. இறந்த 15 பேரும் அருகில் நிறுத்தியிருந்த டிரெய்லர் அலுவலகங்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். சுமார் 180 பேர் காயமடைந்தார்கள்.

அன்று அந்தக் கருவியை யாரும் சந்தேகிக்க வேண்டிய அவசியம்கூட இருந்திருக்காது, ஒரே ஒரு கணக்கைப் போட்டிருந்தால். உள்ளே போவது இவ்வளவு, வெளியே வருவது பூஜ்யம், அப்படியானால் மிச்சம் எங்கே? ஆனால் உள்ளே போகும் ஓட்டமும் வெளியேறும் ஓட்டமும் ஒரே திரையில் அடுத்தடுத்து இல்லாததால் அந்த ஏற்றத்தாழ்வு கண்ணில் படவில்லை. நீங்கள் சேரும் யூனிட்டில் எந்தெந்த டவருக்கு இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் திரை இல்லை என்று பார்த்து, அதைக் கேட்டு வாங்குங்கள். செலவு அதிகமில்லாத வேலை.

இதே கதை வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவனில் 1994 ஜூலை 24 அன்று வேறு வடிவில் நடந்தது. காலையில் மின்னல் தாக்கி யூனிட்கள் நிலைகுலைந்தன. பியூட்டேன் பிரிக்கும் டவரின் அடி வால்வு மூடிக்கிடக்க, திரை அதைத் திறந்திருப்பதாகக் காட்டியது. டவர் நிரம்பி, திரவம் ஃபிளேர் அமைப்புக்குள் போய், ஏற்கெனவே அரிப்பால் மெலிந்திருந்த குழாய் உடைந்தது. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரங்கள் வந்தன. பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்ற சராசரிதான் ஓர் ஆபரேட்டர் நிதானமாகக் கையாளக்கூடியது என்பது இத்துறை ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல். 275 வந்தால் அது எச்சரிக்கை என்ற தகுதியை இழந்துவிடுகிறது. அலாரம் பட்டியலைக் குறைத்துச் சீர்படுத்தும் வேலையைப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம்தான் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். சலிப்பான வேலை என்று நினைக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ரோகிராக்கரில் ஆபத்தின் வேகம் வேறு. அங்கே நடப்பது வெப்பம் வெளியிடும் வினை. வெப்பம் ஏற வினை வேகமாகிறது, வினை வேகமாக வெப்பம் இன்னும் ஏறுகிறது. வினையூக்கிப் படுகைகளுக்கு இடையில் குளிர்ந்த ஹைட்ரஜனைச் செலுத்தி இதைக் கட்டுக்குள் வைக்கிறோம். அது போதாமல் வெப்பம் எல்லை மீறினால் ஒரே வழிதான்: அவசர அழுத்தக் குறைப்பு, அதாவது உள்ளிருக்கும் வாயுவை எல்லாம் ஃபிளேருக்கு விட்டு வினையை நிறுத்துவது. கலிஃபோர்னியாவின் மார்ட்டினெஸில் இருந்த டோஸ்கோ ரிஃபைனரியில் 1997 ஜனவரி 21 அன்று ஒரு படுகையில் வெப்பம் எகிறியது. 427° செல்சியஸைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது எழுத்தில் இருந்த விதி. ஆனால் திரையில் அளவுகள் ஏறியும் இறங்கியும் குதித்தன. கருவியை நம்புவதா வேண்டாமா என்ற சந்தேகம் வந்தது. மற்ற அளவுகளைப் படிக்க ரியாக்டரின் அடியில் இருந்த ஃபீல்டு பேனலுக்குத்தான் போக வேண்டும். அங்கே போன ஆபரேட்டர் ஒருவர், வெளியேறும் குழாய் 760 டிகிரிக்கும் மேல் சூடேறி வெடித்தபோது இறந்தார். 46 பேர் காயமடைந்தார்கள்.

இங்கே டெக்சாஸ் சிட்டிக்கு நேர் எதிரான சூழல் இருப்பதைக் கவனியுங்கள். அங்கே தவறாகச் சொன்ன கருவியை நம்பினார்கள். இங்கே சரியாகச் சொன்ன கருவிமேல் சந்தேகம் வந்தது. அதனால் "கருவியை நம்பு" என்றோ "நம்பாதே" என்றோ ஒரு விதி சொல்ல முடியாது. என் தீர்ப்பு இது: சந்தேகம் வரும்போது எந்தப் பக்கம் சாய்ந்தால் உயிர் பிழைக்கும் என்று முன்கூட்டியே முடிவெடுத்திருக்க வேண்டும். ஹைட்ரோகிராக்கரில் ஒரு தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கருவி) பொய்யாகக் கூடுதல் காட்டி அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் இழப்பது உற்பத்தியை மட்டும். அந்த இழப்புக்காக ஆபரேட்டரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. ஒருமுறை கேள்வி கேட்டுவிட்டால் அடுத்த முறை அந்தக் கை தயங்கும்.

இன்னொரு வகை சிக்கல் தண்ணீர். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் ஒரு துளி தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் நீராவியாகும்போது கன அளவு சுமார் 1,700 மடங்காகிறது, வேக்குவம் டவரில் அழுத்தம் குறைவு என்பதால் அதைவிடப் பல மடங்கு. ஸ்டார்ட்-அப்பில் எண்ணெயைச் சுற்றிவிட்டுப் படிப்படியாகச் சூடேற்றி, தாழ்வான இடங்களில் எல்லாம் டிரெயின் செய்து, தண்ணீர் முழுதாக வெளியேறும் வரை பொறுமையாக நிற்பது இதனால்தான். ஆனால் பலர் மறக்கும் இடம் ஸ்டேண்ட்-பை பம்ப். ஓடாமல் நிற்கும் பம்பின் உடலிலும் அதன் குழாய்களிலும் கழுவிய தண்ணீரோ நீராவி குளிர்ந்த தண்ணீரோ தேங்கியிருக்கும். டவர் சூடாகி, எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்துப் பம்பை மாற்றும் நொடியில் அது மொத்தமாக உள்ளே போகிறது. ஒரு சில வாளி தண்ணீர் போதும், டவருக்குள் இருக்கும் தட்டுகளான டிரேக்கள் பிய்ந்துவிடும். ஒவ்வொரு ஸ்டேண்ட்-பை பம்பையும் எண்ணெய் தண்ணீர் கலக்காமல் வரும்வரை டிரெயின் செய்து, மெல்லச் சூடேற்றி வைத்தார்களா என்று ஸ்டார்ட்-அப் அன்று நேரில் போய்ப் பாருங்கள்.

ஃபர்னஸ் பற்றி ஒன்றே ஒன்று. பற்றவைக்கும் முன் உள்ளே நீராவியோ காற்றோ விட்டுத் துரத்தி, கேஸ் டெஸ்ட் எடுப்பதை எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள். அதிகம் சொல்லப்படாதது, ஓடும்போது காற்று போதாமல் போகும் நிலை. புகைபோக்கியில் ஆக்சிஜன் பூஜ்யத்தைத் தொட்டு, தீ சோம்பலாக ஆடி, உள்ளே எரியாத எரிவாயு சேர்ந்திருக்கும். அப்போது டேம்பரைத் திறந்து காற்றை விடலாம் என்றுதான் கை போகும். அது எரியாத வாயுவுக்கு வெடிக்கத் தேவையானதைக் கொடுப்பதாகும். முதலில் எரிபொருளைக் குறைக்க வேண்டும், காற்று அதன் பிறகு.

வினையூக்கியால் கனமான எண்ணெயை உடைக்கும் கேட்டலிட்டிக் கிராக்கரில் ஒரு பக்கம் எண்ணெய் ஆவி, மறுபக்கம் வினையூக்கியின் கரியை எரிக்கும் காற்று, அந்தக் கரி எரியும் ரீஜெனரேட்டரில் 700 டிகிரி வெப்பம். இந்த இரண்டும் சந்திக்காமல் தடுப்பது, குழாய்க்குள் குவிந்து நிற்கும் வினையூக்கித் தூளும் அதைத் தாங்கும் ஸ்லைடு வால்வும் அழுத்த வேறுபாடும்தான். 2015 பிப்ரவரி 18 அன்று கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் யூனிட்டை முழுதாக நிறுத்தாமல் பாதி நிலையில் வைத்து எக்ஸ்பேண்டரை (ரீஜெனரேட்டரின் வாயுவில் சுழலும் டர்பைன்) பழுதுபார்க்கப் போனார்கள். பல ஆண்டு ஓட்டத்தில் தேய்ந்த ஸ்லைடு வால்வு மூடியிருந்தும் தூளைத் தாங்கவில்லை. தடுப்பு வழிந்து காலியானது. மிச்சமிருந்த ஒரே தடை நீராவி. வேலை செய்யும் இடத்தில் நீராவி கசிகிறதே என்று அதையும் குறைத்தார்கள். கசியும் ஓர் எக்ஸ்சேஞ்சர் வழியாக உள்ளே வந்திருந்த நாஃப்தா என்ற லேசான எண்ணெயின் ஆவி பின்னோக்கிப் பாய்ந்து, புகையிலிருந்து தூளை மின்புலத்தால் பிடிக்கும், மின்சாரம் நிறுத்தப்படாத எலெக்ட்ரோஸ்டாடிக் பிரெசிபிடேட்டருக்குள் போய் வெடித்தது. தெறித்த பெரிய பாகம் ஒன்று ஹைட்ரோஃபுளோரிக் அமிலத் தொட்டிக்கு அருகில் விழுந்தது. அந்தப் பழுதுபார்ப்புக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை பயன்படுத்திய நடைமுறை. அன்று பொருந்திய நிபந்தனைகள் இன்றும் இருக்கின்றனவா என்று யாரும் மறுபடி பார்க்கவில்லை. "போன தடவை இப்படித்தான் செய்தோம்" என்ற வாக்கியத்தை நீங்கள் நிறையக் கேட்பீர்கள். அதற்கு அடுத்த கேள்வி, போன தடவைக்குப் பிறகு எது எது தேய்ந்திருக்கிறது, எது மாறியிருக்கிறது என்பதுதான்.

இனி, மெதுவாக நடப்பவை. இங்கேதான் ப்ராசஸ் இன்ஜினியரின் அன்றாட வேலையும் பாதுகாப்பும் ஒன்றாகின்றன.

குரூடு விலை பார்த்து வாங்கப்படுகிறது, மலிவான குரூடுக்கு ஏதாவது ஒரு குறை இருக்கும். உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டீசால்டரில் குரூடோடு தண்ணீரைக் கலந்து, 120 முதல் 150 டிகிரியில் மின்புலத்தால் பிரித்தெடுக்கிறோம். பிரியாமல் தப்பிப்போகும் மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் ஃபர்னஸ் வெப்பத்தில் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகின்றன. உலர்ந்த வாயுவாக இருக்கும்வரை அது பெரிதாகத் தொல்லை தராது. டவரின் உச்சியில் முதல் தண்ணீர்த் துளி எங்கே உருவாகிறதோ, அந்தத் துளி அத்தனை அமிலத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. உலோகத்தைத் தின்பது அங்கேதான். அமிலத்தைச் சமன்செய்ய அம்மோனியா விட்டால் அம்மோனியம் குளோரைடு உப்பாகப் படிந்து, அந்தப் படிவின் அடியில் அரிப்பு தொடரும். வாஷ் வாட்டர் எங்கே, எவ்வளவு, எத்தனை டிகிரியில் செலுத்தப்படுகிறது என்பது அதனால் முக்கியம். டீசால்டரில் பால் போன்ற கலங்கல் அடுக்கு ஒன்று தடிக்கிறது என்று ஷிஃப்ட் லாக்கில் எழுதியிருந்தால், அதைத் தர விவகாரமாகப் பார்க்காதீர்கள். உச்சிக் குழாயின் சுவர் மெலியப்போகிறது என்ற செய்தி அது.

கலப்பும் அப்படித்தான். அஸ்ஃபால்டீன் (தார் போன்ற கனமான பொருள்) நிறைந்த கனமான குரூடோடு பாரஃபின் மிகுந்த லேசான குரூடைக் கலந்தால், தனித்தனியாகச் சாதுவாக இருந்த இரண்டும் சேர்ந்து அஸ்ஃபால்டீனை உதிர்க்கலாம். அது எக்ஸ்சேஞ்சர்களில் படிகிறது, குரூடு ஃபர்னஸுக்குள் நுழையும் வெப்பம் குறைகிறது, ஈடுகட்ட ஃபர்னஸை அதிகம் எரிக்கிறோம். டியூபுக்குள் கோக் (கெட்டியான கரி) படியத் தொடங்குகிறது. கோக் வெப்பத்தைத் தடுக்கும். வெளியேறும் எண்ணெயின் வெப்பம் கன்ட்ரோலர் சொன்னபடியே இருக்க, உலோகத்தின் வெப்பம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். திரையில் முக்கியமான எண் அசையாமல் நிற்கும், டியூப் மெல்லத் தளர்ந்து வீங்கும். டியூப் சுவரில் ஒட்டிய தெர்மோகப்பிள்கள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பீப் ஹோல் வழியாக ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள். கருஞ்சிவப்பாக ஒளிரும் ஒரு திட்டு எந்தத் திரையிலும் வராது.

கந்தகத்துக்கு வருவோம். சுமார் 260 டிகிரிக்கு மேல் அது கார்பன் ஸ்டீலை அரிக்கத் தொடங்குகிறது. சிலிக்கான் குறைவான ஸ்டீல் இன்னும் வேகமாகக் கரையும். 2012 ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் செவ்ரான் குரூடு யூனிட்டின் 8 அங்குலக் குழாயில் உடைந்தது அப்படி சிலிக்கான் குறைந்த, 52 அங்குல நீளத் துண்டு. அதே குழாய்வரிசையில் வேறு இடங்களில் தடிமன் அளந்துவந்தார்கள், அளந்த இடத்தில் உலோகம் நன்றாக இருந்தது. கசிவு முதலில் சிறிதாகத்தான் தெரிந்தது. யூனிட்டை ஓடவிட்டபடியே இன்சுலேஷனைப் பிரித்து இடத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது குழாய் கிழிந்தது. ஆவி மேகத்தில் சிக்கிய 19 ஊழியர்களும் உயிர் தப்பினார்கள். புகை காரணமாகச் சுற்றுவட்டாரத்தில் சுமார் 15,000 பேர் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். தனியாக அடைத்துவிட வால்வு இல்லாத, சூடான ஹைட்ரோகார்பன் குழாயில் கசிவு என்றால் கிளாம்ப் போடுவது பற்றிய பேச்சே எழக் கூடாது. யூனிட்டை இறக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும்போது துளைதான் தெரியும், அதைச் சுற்றி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது தெரியாது.

திறக்கும் நேரத்தின் ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இவற்றுக்கு முறையான பயிற்சி கிடைக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை நாற்றத்தை நம்பாதீர்கள், 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துவிடும். டவருக்குள் படிந்த இரும்பு சல்ஃபைடு காற்று பட்டதும் தானாகப் பற்றும், ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். நைட்ரஜன் நிரப்பிய கலத்தின் வாயில் அருகே குனிவதுகூட ஆபத்து, இரண்டு மூச்சில் சுயநினைவு போகும். விழுந்தவரைக் காப்பாற்ற மாஸ்க் இல்லாமல் போனவரும் விழுவார். கோக்கர் டிரம் (சூடாக்கிய கனமான எண்ணெய் கோக்காக மாறும் கலம்) பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக: 1998 நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்டெஸில் புயலால் மின்சாரம் போய், பாதி நிரம்பிய டிரம்மின் குழாய் அடைத்துக்கொண்டது. வழக்கம்போல நீராவியும் தண்ணீரும் விட்டுக் குளிரவைக்க முடியவில்லை. ஒரு நாளுக்கு மேல் காத்திருந்துவிட்டு, ஆறியிருக்கும் என்று அடிமூடியைத் திறந்தார்கள். கோக் நல்ல வெப்பத்தடுப்பான். டிரம்மின் வெளிச்சுவர் ஆறினாலும் நடுப்பகுதி ஆறவில்லை. சூடான எண்ணெய் கொட்டித் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள். டிரம்மின் நடுவில் எவ்வளவு சூடு என்று அளக்க அவர்களிடம் வழியே இல்லை. அளக்க முடியாத இடத்தில் நேரத்தை வைத்து ஊகிப்பதற்குப் பதில், மூடியை ஆள் அருகில் இல்லாமல் தொலைவிலிருந்து திறக்கும் அமைப்பு வேண்டும். இப்போது பல கோக்கர்களில் அது வந்துவிட்டது.

முதலில் எதைக் கற்பது என்று கேட்டீர்கள். சேர்ந்த முதல் சில வாரங்களில் சிமுலேஷன் மென்பொருளைத் தொடுவதற்கு முன், பி அண்ட் ஐடி வரைபடத்தை (குழாய்கள், வால்வுகள், கருவிகள் எல்லாம் காட்டும் படம்) கையில் எடுத்துக்கொண்டு ஃபீல்டு ஆபரேட்டர் ஒருவரோடு ஒவ்வொரு குழாயாக நடந்து பாருங்கள். வரைபடத்தில் இல்லாத பைபாஸ், முனை மூடாத டிரெயின், எங்கும் போகாத முட்டுக் குழாய் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பிறகு உங்கள் யூனிட்டின் லெவல் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது எந்த வகை, எந்த அடியிலிருந்து எந்த அடிவரை அளக்கும், முழுதாக மூழ்கினால் என்ன காட்டும் என்று உங்கள் நோட்டில் எழுதுங்கள். எந்தெந்த இன்டர்லாக் இன்று பைபாஸில் (வேலை செய்யாமல் நிறுத்திவைத்த நிலையில்) இருக்கிறது, யார் அனுமதித்தது, எந்தத் தேதிவரை என்பதைத் தினமும் கேளுங்கள். தேதி இல்லாத பைபாஸ் இருந்தால் உங்கள் மேலாளரிடம் எழுத்தில் கொண்டுபோங்கள். பேனல் ஆபரேட்டர்களிடம் பணிவாகப் பேசுங்கள். யூனிட்டின் குணம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

உங்கள் முதல் ஸ்டார்ட்-அப்புக்கு முந்தைய கூட்டத்தில் எல்லோரும் எவ்வளவு சீக்கிரம் ஃபீடு எடுப்பது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே நீங்கள் இரண்டு விஷயம் கேளுங்கள்: எந்தெந்த எண்ணைத் தொட்டால் நிறுத்துகிறோம், அந்த நேரத்தில் யாரையும் கேட்காமல் பட்டனை அழுத்த உரிமை உள்ளவர் யார். பதிலை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் பெயரோடு கன்ட்ரோல் ரூம் பலகையில் எழுதச் சொல்லுங்கள்.